இரண்டு முறை காலியான வீடு

டீக்கடைக்காரர் நடு அறையில் நின்று இரண்டு கைகளையும் சேர்த்து ஒருமுறை தட்டினார். சத்தம் சுவரில் மோதி, அடுப்படி வரை போய்த் திரும்பி வந்தது. "கேக்குதாம்மா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "காலி வூடு இப்டித்தான் காட்டிக் குடுத்துடும். வர்றவங்க வாசப்படி தாண்டுனதும் காதுல வுழறது இதான்." நான் தலையாட்டினேன். அண்ணி வாசலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் துடைப்பம். பெருக்கி முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. அதைக் கீழே வைக்க வேண்டும் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. வீடு ஜவ்வாது மலைமேல், ஜமுனாமரத்தூரில் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு சரிவில் இருந்தது. மூன்று அறை, ஓட்டுக்கூரை, பின்னால் கிணறு, கிணற்றை ஒட்டி ஒரு பலாமரம். என் அண்ணன் அங்கே கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டராக வேலை பார்த்தார். மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு மலைக் கிராமமாக நடந்து மாடுகளுக்கு ஊசி போடுவார். மலைச்சனங்களுக்கு அவர் மாட்டு டாக்டர். கீழே மாற்றல் கிடைத்தபோதும் வேண்டாமென்று சொல்லிவிட்டு, அங்கேயே மனை வாங்கி அந்த வீட்டைக் கட்டினார். கல்யாணமான புதிதில் மலையைப் பார்த்து மிரண்டுபோன அண்ணி, பிறகு பண்டிகைக்குக் கீழே பிறந்த ஊரான கண்ணமங்கலத்துக்கு வந்தால்கூட இரண்டாம் நாளே திரும்பிப் போக வேண்டும் என்று பரபரக்கத் தொடங்கிவிட்டார். குழந்தை இல்லை. ஓர் ஐப்பசி மழையில் அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டது. மலைப்பாதையில் மண் சரிந்து எந்த வண்டியாலும் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. பாதை திறப்பதற்குள் அந்த நடு அறையில், கட்டிலிலேயே அவர் உயிர் போய்விட்டது.

அண்ணி அழவில்லை. அதைப் பற்றி எங்கள் உறவில் அப்போது பல மாதிரி பேசினார்கள். ஒப்பாரி வைத்த பெண்கள் அவரைக் கட்டிப்பிடித்து உலுக்கினார்கள். அவர் உலுக்கிய பக்கமெல்லாம் சாய்ந்து கொடுத்தார், அவ்வளவுதான். உட்காரச் சொன்னால் உட்கார்ந்தார். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார். காரியம் முடிந்த கையோடு, வீட்டிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசலில் வைத்து, அந்த வழியாக வந்தவர்களிடம் கொடுக்கத் தொடங்கினார். யாருக்கு எது தேவை என்று கேட்கவில்லை. தன் கைக்கு எது கிடைத்ததோ அதை எதிரே வந்தவரிடம் திணித்தார். நான் தடுத்தபோது, "எனக்கு எதுக்குப் பாப்பா?" என்றார். அண்ணி என்னை எப்போதும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். ஒரு வாரத்துக்குள் வீட்டில் சுவர்களும் ஆணிகளும் மட்டும் மிச்சம். வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணமங்கலத்தில் தன் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். எதை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று பிறகு ஒருமுறை கேட்டேன். ஒன்றுகூட அவருக்கு நினைவில் இல்லை.

ஆனால் மாதம் ஒருமுறை மலைக்குப் போவார். "வூட்டப் பெருக்கிட்டு வந்துடறேன்" என்று கிளம்புவார். போளூர் போய், அங்கிருந்து மலைப் பேருந்து பிடித்து, கதவைத் திறந்து பெருக்கிவிட்டு, மறுபடி பூட்டிக்கொண்டு அன்றைக்கே இறங்கிவிடுவார். போய்வந்த பிறகு சில நாட்கள் யாருடனும் பேச மாட்டார். கேட்ட கேள்விக்குச் சற்று நேரம் கழித்துத்தான் பதில் வரும், ஆழக் கிணற்றில் வாளி இறங்கி ஏறுவதைப் போல. இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. ஓடுகள் உடைய ஆரம்பித்தன. இன்னொரு மழைக்காலம் தாங்காது, விற்றுவிடலாம் என்று தம்பி சொன்னார். அண்ணி சரி என்றார். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அதற்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பார். நான் அப்போது வேலூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணியைத் தனியாக அனுப்ப மனம் வராமல், விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அந்தப் பங்குனியில் நானும் கூடப் போனேன்.

பேருந்து நிற்கும் இடத்தில் கடை வைத்திருந்த டீக்கடைக்காரர்தான் ஆள் பிடித்திருந்தார். வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்யும் ஒரு பெரியவர். அவர் மனைவிக்கு இளைப்பு நோய், வெயில் காலத்தில் ஊரில் மூச்சுவிட முடிவதில்லை, மலைக்காற்றில் ஒரு வீடு தேடுகிறார்கள். மறுநாள் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கையைத் தட்டிக் காட்டிய டீக்கடைக்காரர் கடைசியில் தன் யோசனைக்கு வந்தார். "நாலு சாமான் போட்டு வெச்சாத்தான் வூடு வூடாத் தெரியும். ஒரு கட்டிலு, ஒரு மேசை, அடுப்புல கொஞ்சம் நெருப்பு. வர்றவங்களுக்குத் தாங்களே இங்க குடியிருக்காப்புல தோணணும்."

"ஒரே நாள்ல சாமானுக்கு எங்கங்க போறது?" என்றேன்.

"இன்னாம்மா இப்டிக் கேக்கற? உங்க சாமான் எல்லாம் இந்த ஊர்லதான கீது."

எனக்கு அது சரியாகவும் பட்டது, சரியில்லாமலும் பட்டது. இல்லாத குடித்தனத்தை இருப்பதாகக் காட்டுவது ஒரு பொய்தானே என்று ஒரு யோசனை. வீட்டைக் கழுவிக் கோலம் போடுவதும், பெண் பார்க்க வரும்போது நல்ல புடவை கட்டுவதும்கூட அப்படித்தானே என்று இன்னொரு யோசனை. எல்லாவற்றையும்விட, இந்தப் பெரியவர் வேண்டாமென்று போய்விட்டால் அண்ணி மறுபடி மாதாமாதம் துடைப்பத்தோடு மலையேறிக்கொண்டிருப்பார். அந்த நினைப்பே என்னை அழுத்தியது. "நீங்க இன்னா சொல்றீங்க அண்ணி?" என்று கேட்டேன். "போட்டா இன்னா, போடாட்டி இன்னா" என்றார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

செய்தி எப்படித்தான் பரவியதோ, மதியத்துக்குள் சாமான்கள் வர ஆரம்பித்தன. முதலில் கட்டில். சரிவுக்கு மேலே குடியிருந்த மேட்டு வீட்டம்மா அதைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்துகொண்டு இறங்கி வந்தார். புளி உலுக்கும் காலம். கட்டிலில் புளி காயப் போட்டிருந்ததால் நாடாவெல்லாம் பழுப்பேறி, தொட்டால் பிசுபிசுத்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஆயா ஒருத்தி மேசையை இழுத்து வந்தாள். அண்ணன் மருந்துச் சீசாக்களை அடுக்கி வைத்திருந்த மேசை, இப்போது மை கொட்டிக் கிடந்தது. நசுங்கிய பித்தளைக் குடம் ஒன்று வந்தது. மேட்டு வீட்டம்மாவின் மகள் நிலைக்கண்ணாடியை மார்போடு அணைத்து எடுத்து வந்தாள். கண்ணாடியின் ஓரத்தில் அவள் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக இருந்தன. மாட்டு டாக்டர் வீட்டுக்கு என்று கேட்டதும் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஒருவர் கட்டுத்தறிக்கு மாட்டையே கொண்டுவந்து கட்டட்டுமா என்று கேட்டார்.

எதை எங்கே வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அண்ணி எழுந்தார். துடைப்பத்தைச் சுவரோரம் வைத்தார். கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்து ஜன்னலுக்கு நேராக இழுத்தார். மேசை இடது மூலைக்குப் போனது. கண்ணாடி பழைய ஆணியில் ஏறியது. குடத்தை அடுப்படி வாசலில் கிழக்குச் சுவரை ஒட்டி வைத்தார். அவர் எதையும் யோசித்துச் செய்த மாதிரி இல்லை, கைகள் தாமாகவே செய்தன. சாயங்காலம் நான் வாசலில் நின்று பார்த்தபோது, பண்டிகை விடுமுறைக்கு வந்து அண்ணன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய நாட்களில் கண்ட அதே அறை எதிரில் இருந்தது. அண்ணி மட்டும், வாடகைக்கு வந்த வீட்டைப் பார்ப்பதுபோல் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "போதுமா?" என்று கேட்டார்.

மறுநாள் காலையில் டீக்கடைக்காரர் வந்தார். அறையைப் பார்த்து முகம் மலர்ந்தவர், அண்ணியைப் பார்த்ததும் தயங்கினார். "தப்பா நெனைக்காதம்மா. இது ஆளு செத்த வூடுன்னு அவங்களுக்கு நான் சொல்லல. எல்லாத்தையும் போட்டு வெச்சிட்டு, வூட்டுக்காரம்மா வெறும் நெத்தியோட நின்னா, வந்ததும் அதைத்தான் கேப்பாங்க. இன்னிக்கு ஒரு நாளைக்கி மட்டும்…" அவர் முடிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. "அதெல்லாம் ஆவாதுங்க. வீடுதான் விக்கறோம்" என்றேன். அந்தக் காலத்தில், அந்தப் பக்கத்தில், அப்படி ஒன்றை ஒரு விதவையிடம் கேட்பது சின்ன விஷயம் அல்ல. பார்த்தவர்கள் ஊர் முழுக்கப் பேசுவார்கள். கண்ணமங்கலம் வரை அது வந்து சேரும். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணி கண்ணாடியின் அருகில் போனார். ஓரத்திலிருந்த பொட்டுகளில் ஒன்றை நகத்தால் உரித்து, நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரும்பினார். கருஞ்சிவப்புப் பொட்டு. "வந்தா சொல்லுங்க" என்று டீக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அடுப்பை மூட்டப் போனார். அண்ணி அழுதிருந்தால் நான் என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். அப்படி எதுவும் இல்லாததால் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவர்கள் வெயில் ஏறியபின் காரில் வந்தார்கள். பெரியவர் உயரமாக, வெள்ளைத் தாடியோடு இருந்தார். கருப்பு புர்கா அணிந்திருந்த அவர் மனைவி காரிலிருந்து இறங்கி வாசலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அண்ணி அவர்களை வாங்க என்று அழைத்து, தண்ணீர் கொடுத்து, ஒவ்வோர் அறையாகக் காட்டினார். ஜன்னலைத் திறந்தால் காற்று எந்தப் பக்கம் வரும், மழைக்குத் தண்ணீர் எங்கே தேங்கும், கிணறு கோடையில் எவ்வளவு இறங்கும் என்று கேட்டதற்கெல்லாம் தடங்கலில்லாமல் பதில் சொன்னார். "உங்க வூட்டுக்காரரு எங்கம்மா?" என்று அந்த அம்மாள் கேட்டார். "மலை மேல மாடு பாக்கப் போயிருக்காரு. சாயந்தரம் வந்துடுவாரு" என்றார் அண்ணி. குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

பெரியவர் டீக்கடைக்காரரோடு கிணற்றைப் பார்க்கப் பின்பக்கம் போனார். பகல் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. அந்த அம்மாள் கைகால் கழுவிக்கொண்டு வந்து, "தொழுவறதுக்குச் சுத்தமா கொஞ்சம் எடம் குடும்மா. மேற்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். மேற்கைப் பார்த்து நிற்க வசதியான இடத்தில் கட்டில் கிடந்தது. அண்ணியும் நானும் அதைத் தூக்கி ஓரமாக வைத்தோம். கட்டில் இருந்த இடத்தில் அந்த அம்மாள் தான் கொண்டுவந்த விரிப்பைப் போட்டார். நான் அடுப்படிப் பக்கம் நகர்ந்துவிட்டேன். அண்ணி நகரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, அந்த அம்மாள் நிற்பதையும் குனிவதையும் தரையில் நெற்றி படுவதையும் பார்த்துக்கொண்டே நின்றார். தொழுது முடித்து விரிப்பை மடித்தபோது அண்ணி பேசினார்.

"நீங்க தொழுதீங்களே, அந்த எடத்துலதான் என் வூட்டுக்காரரு செத்தாரு."

மடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. "எப்ப?"

"முன்வருஷம். ஐப்பசியில."

"சாயந்தரம் வந்துடுவாருன்னு சொன்னியேம்மா."

"சொன்னேன்."

"அப்ப இந்தப் பொட்டு?"

"வூட்ட விக்கறதுக்கு வெச்சது."

அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் தரையைக் கையால் தட்டிக் காட்ட, அண்ணி போய் உட்கார்ந்தார். "அழுதியா?" என்று அந்த அம்மாள் கேட்டார். அண்ணி கொஞ்ச நேரம் யோசித்தார். சரியான பதிலைச் சொல்ல வேண்டும் என்பதுபோல் யோசித்தார். "இல்ல" என்றார். அந்த அம்மாள் அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தபடி சற்று நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது அவருடைய இளைப்பா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. கிணற்றைப் பார்த்துவிட்டுப் பெரியவர் உள்ளே வந்ததும், அந்த அம்மாள் அவரிடம் எதையும் மறைக்காமல் தாழ்ந்த குரலில் சொன்னார். பெரியவர் அண்ணியின் பக்கம் திரும்பாமல் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். டீக்கடைக்காரர் வெளிறிப்போய் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். வியாபாரம் போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன்.

கிளம்பும்போது அந்த அம்மாள் சொன்னார்: "நாங்க வெறும் வூட்ட ஒரு தடவ பாக்கணும். சாமானெல்லாம் எடுத்துட்டுச் சொல்லி அனுப்புங்க."

"காலி வூட்டுல பாக்கறதுக்கு இன்னாம்மா கீது?" என்று டீக்கடைக்காரர் தாங்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"எங்க சாமான எங்க போடறதுன்னு நாங்க பாக்க வேணாமா?" என்றவர், காரில் ஏறும் முன் என்னை அருகில் அழைத்தார். "அவசரமில்ல. அவளே எடுத்துக் குடுக்கட்டும்."

மறுநாள் காலை, சாமான் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். இந்த முறை அண்ணி வாசலில் எதையும் குவிக்கவில்லை. உள்ளே அழைத்து, அவரவர் பொருளை அவரவர் கையில் கொடுத்தார். நசுங்கிய குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எப்படி நசுங்கியது என்று கேட்டார். கொடுத்தவர் வெட்கத்தோடு, கிணற்றுச் சுவரில் இடித்துவிட்டது என்றார். பள்ளிக்கூடத்து ஆயாவிடம், மேசையில் எந்த வகுப்பு வாத்தியார் உட்காருகிறார் என்று கேட்டார். இழுப்பறையைத் திறந்து, ஓரத்தில் சிக்கியிருந்த ஒரு ரப்பர் மூடியை எடுத்தார். மருந்துச் சீசாவின் மூடி. அதைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். மேட்டு வீட்டுப் பெண் கண்ணாடிக்கு வந்தபோது, அண்ணி அதை ஆணியிலிருந்து இறக்கும் முன் தன் முகத்தைப் பார்த்தார். நேற்று ஒட்டிய பொட்டு அப்படியே இருந்தது. உரித்து, மற்றப் பொட்டுகளோடு வரிசையில் ஒட்டிவிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தார். பசை இருந்த இடம் நெற்றியில் சிறிதாகச் சிவந்திருந்தது.

கடைசியாகக் கட்டில். மேட்டு வீட்டம்மா அதைத் தூக்கத் தயங்கினார். "இத மட்டும் நீயே வெச்சிக்கயேம்மா. கீழ கொண்டும்போயிடு" என்றார். "வேணாம். நீ புளி காய வெக்கணும் இல்ல" என்றார் அண்ணி. ஒரு பக்கத்தை அவரே பிடித்தார். நிலைப்படியில் கட்டில் கால் இடித்தது. "சாச்சிப் புடி" என்று அண்ணி சொன்னார். சாய்த்துப் பிடித்து வெளியே எடுத்தார்கள். மேட்டு வீட்டம்மா அதைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு சரிவில் ஏறி மறையும்வரை, அண்ணி வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனை எடுத்துக்கொண்டு போனபோது பெண்கள் அண்ணியை அடுப்படியில் உட்கார வைத்துச் சுற்றி மறைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அவர் எதையும் பார்க்கவில்லை.

மதியப் பேருந்தில் இறங்கினோம். ஜன்னலோரம் அண்ணி, பக்கத்தில் நான். முதல் சில வளைவுகள் வரை அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சாமை அறுத்த காடுகளும் பாறைகளும் போய்க்கொண்டிருந்தன. பிறகு என் பக்கம் திரும்பினார். எனக்குத் தெரியாத ஒரு செய்தியை எப்படிச் சொல்வது என்று தயங்குகிறவரைப் போலிருந்தது அவர் முகம்.

"உங்க அண்ணன் செத்துட்டாரு பாப்பா" என்றார்.

"ஆமா அண்ணி" என்றேன்.

அதன்பிறகு அண்ணி அழுதார். சத்தம் அதிகம் இல்லை. வளைவுகளில் பேருந்து சாய்ந்தபோதெல்லாம் அவர் நெற்றி என் தோளில் வந்து மோதியது. நடத்துநர் வந்து நின்று பார்த்துவிட்டு, என் கையிலிருந்த சில்லறையை வாங்கிக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மலை இறங்கி, சமவெளியில் கரும்பு வண்டிகளுக்குப் பின்னால் பேருந்து ஊர்ந்தபோதும் அழுகை நிற்கவில்லை. போளூரில் இறங்கி முகம் கழுவிக்கொண்டார். கண்ணமங்கலம் பேருந்து ஏறும் முன், "டீ குடிக்கலாமா?" என்று அவராகவே கேட்டார்.

வாணியம்பாடிக்காரர்கள் சொன்னபடி வந்து வெறும் வீட்டைப் பார்த்தார்கள். அந்த ஆடிக்குள் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்த அம்மாள் பல கோடைகள் அங்கே இருந்ததாக டீக்கடைக்காரர் வழியாகத் தெரியவந்தது. அண்ணி மறுபடி மலையேறவில்லை. கணியம்பாடியில் பால்வாடி ஆயாவாக வேலை கிடைத்து, ஓய்வு பெறும்வரை பிள்ளைகளோடு மல்லுக்கட்டினார். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். காது மட்டும் கொஞ்சம் மந்தம். நகரத்தில் இன்று காலி வீட்டை விற்பதற்கு வாடகைக்குச் சோபாவும் திரைச்சீலையும் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று சென்ற மாதம் அவரிடம் சொன்னேன். "போடட்டும். எடுக்கும்போது யாராவது கூட இருக்கணும்" என்று சொல்லிவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணன் எப்போது இறந்தார் என்று யாராவது கேட்டால் நான் அந்த ஐப்பசியைத்தான் சொல்வேன். அண்ணியிடம் கேட்டால், பங்குனி என்பார். நான் திருத்துவதில்லை.